மாசி மாதத்து ஒட்டுக்கடையும் பால்மரத் தேனும்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்து தோட்டப் பக்கம் பிரியும் சாலையில், பால்மர (ரப்பர் மர) நிரை தொடங்கும் இடத்தில், தகரக் கூரை வேய்ந்த ஒட்டுக்கடை ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. தோசை, இட்லி, நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் என்று ஆண்டு முழுவதும் ஒரே வரிசையில் விற்கும் இந்தக் கடையைப் பற்றி ஜூலையிலோ நவம்பரிலோ எழுதியிருந்தால் நான்கு வரிகளில் முடித்திருப்பேன். தைப்பூசம் கழிந்து, மாசி பிறந்து, மரங்கள் இலையுதிர்த்துத் துளிர்க்கும் ஐந்தாறு வாரங்களில் மட்டும் அங்கே பசியாறுவதற்கென்றே நான் ஈப்போவிலிருந்து காரோட்டிச் செல்கிறேன். அந்த வாரங்களைப் பற்றியதுதான் இந்த விமர்சனம்.

பால்மரக் காட்டில் வளர்ந்தவர்களுக்கு இளவேனில் எப்படியிருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆண்டுத் தொடக்கத்து வறட்சியில் இலைகள் பழுத்துச் சிவந்து கொட்டும். நிரைகளுக்கிடையே கணுக்கால் புதையும். சில வாரங்களில் மொட்டைக் கிளைகளிலிருந்து செம்பு நிறத் துளிர்கள் தலை கவிழ்ந்து தொங்கும், கூடவே வெளிர்மஞ்சள் பூங்கொத்துகளும் வரும். பிரேசிலிலிருந்து கொண்டுவந்த விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, அந்தக் கன்றுகளில் ஒன்பது, 1877ஆம் ஆண்டில் பக்கத்துக் கோலகங்சாரில் ஊன்றப்பட்டன. பால்மரத்தோடு அதன் இலையுதிர் வழக்கமும் அப்படித்தான் நம் மண்ணுக்கு வந்து சேர்ந்தது. துளிர்க்கும் காலத்தில் மரம் தன் சத்தையெல்லாம் இலைக்குக் கொடுத்துவிடுவதால் மரத்தில் கட்டிய மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணத்தில்) பால் அதிகம் இறங்காது. பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் வெட்டுக்காரர் வீட்டில் அது கைவறண்ட மாதம். என் தாயாரும் பால்மரம் வெட்டியவர் என்பதால், காடு மிக அழகாக இருக்கும் மாதமும் வீட்டில் அரிசி அளந்து உலையில் விழும் மாதமும் ஒன்றாகவே என் நினைவில் தங்கிவிட்டன.

கடைக்கார அக்காவும் இருபது ஆண்டுகளுக்கு மேல் உளி பிடித்தவர்தான். மாசி வந்துவிட்டால் தோசைக்கல்லுக்கு அருகில் இரண்டு ஆப்பச்சட்டிகளை ஏற்றிவிடுகிறார். தேங்காய்த் தண்ணீர் விட்டுப் புளிக்கவைத்த மாவு அது. ஒரு கரண்டி ஊற்றி, காதைப் பிடித்துச் சட்டியை ஒரே சுழற்றாகச் சுழற்றி மூடிவிட்டு, அவர் அடுத்த சட்டிக்குத் திரும்பும்போதே ஓரம் முறுகும் மணம் எழுகிறது. மூடியைத் திறந்தால் விளிம்பு சல்லாத்துணிபோல் மெலிந்து பழுப்பேறியிருக்கும். நடுவில் பஞ்சு போன்ற வெண்மை, அதில் ஊசிமுனைத் துளைகள். அந்தத் துளைகளுக்குள்தான் பால்மரத் தேனை ஊற்றுகிறார்.

இந்தத் தேனைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பால்மரத் தேன் பெரும்பாலும் பூவிலிருந்து வருவதில்லை. பால்மர இலையில் மூன்று சிற்றிலைகள் கூடும் காம்பு நுனியில் சிறு சுரப்பிகள் உண்டு. புது இலை விரியும் வாரங்களில் அவற்றில் இனிப்பு நீர் துளிர்க்கும், தேனீக்கள் அதைத்தான் சேகரிக்கின்றன. அக்காவின் மருமகன் நிரையோரத்தில் வைத்திருக்கும் பெட்டிகளிலிருந்து எடுத்து வடிகட்டியது என்பதால், நாம் எந்த மரத்தடியில் உட்கார்ந்து உண்கிறோமோ அந்த மரத்தின் துளிரைத்தான் உண்கிறோம். நிறம் இளமஞ்சள், காட்டுத் தேனின் காரமோ கசப்போ இல்லை, மெல்லிய இனிப்பு நாக்கில் பட்டவுடன் கரைந்துவிடுகிறது. ஆப்பத்தின் இலேசான புளிப்போடு அது சேரும் பக்குவத்தை வேறெங்கும் நான் கண்டதில்லை. போத்தலின் அடியில் சீனி போல் உறைந்திருப்பதைப் பார்த்துக் கலப்படம் என்று ஐயப்பட வேண்டாம். விரைவில் உறைவது பால்மரத் தேனின் இயல்பு. மிதமான சுடுநீரில் போத்தலை நிறுத்தினால் இளகிவிடும். இரண்டு ஆப்பம் தேனோடு 4 வெள்ளி (ரிங்கிட்), சிறு போத்தல் 25 வெள்ளி.

சீனப் புத்தாண்டும் பெரும்பாலும் இதே நாள்களையொட்டித்தான் வருகிறது. பட்டணத்தில் இரும்புச்சாமான் கடை வைத்திருக்கும் சீனப் பெரியவர் ஆண்டுதோறும் ஒரு பெட்டி கிச்சிலிப்பழம் அனுப்புகிறார். அந்தப் பதினைந்து நாளும் பசியாறி எழுபவர் ஒவ்வொருவர் கையிலும் அக்கா ஒரு பழத்தைத் திணித்துவிடுகிறார். மோட்டாரில் வந்த ஒரு வங்காளதேசத் தொழிலாளி அதை அங்கேயே உரித்து, தோலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். வேலை முடியும்வரை மணம் இருக்கும் என்றார். நானும் அன்றைக்கு அப்படியே செய்தேன். ஈப்போ திரும்பும்வரை காருக்குள் அந்த மணம் இருந்தது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஆப்பத்துக்கு இவ்வளவு கவனம் செலுத்துபவர் தேங்காய்ச் சட்டினியில் தண்ணீரை அள்ளி ஊற்றுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம். தேநீரில் இனிப்பு அதிகம். "சீனி குறைச்சு" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சட்டி இரண்டே இரண்டு என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் முக்கால் மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. காத்திருக்கும் முதியவர்களுக்கு முதுகு சாய்க்கும் நாற்காலி ஒன்றுகூட இல்லை, இதைக் கட்டாயம் சரிசெய்ய வேண்டும். கைப்பேசியில் பணம் செலுத்த முடியாது, சில்லறை கொண்டு செல்லுங்கள். ஒன்பதரைக்கெல்லாம் மாவு தீர்ந்துவிடும்.

இடம் எது என்று கேட்பவர்களுக்கு: சாலையோரத்தில் இளஞ்சிவப்பாகப் பூக்கும் தெக்கோமா மரங்கள் முடிந்து, செம்பனைத் (எண்ணெய்ப் பனை) தோட்டம் தொடங்குவதற்கு முன் எஞ்சியிருக்கும் ஒரே பால்மரக் காடு அதுதான். ஏழரை மணிக்குள் சென்று, சாலைக்கு முதுகு காட்டியிருக்கும் பலகையில் உட்காருங்கள். இலை இன்னும் அடர்ந்திருக்காது என்பதால் வெயில் தரைவரை இறங்கும். செந்துளிர்களின் ஊடாக வரும்போது அந்த வெளிச்சமே சற்றுச் சிவந்திருக்கும்.

பங்குனி பாதியில், தேன் தீரும் தறுவாயில், ஒருமுறை சென்றேன். இலையெல்லாம் பச்சையாகிவிட்டது, மறுநாள் முதல் வெட்டு தொடங்குகிறது என்று பக்கத்துப் பலகையில் பேசிக்கொண்டார்கள். அக்கா போத்தலைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, அடியில் உறைந்திருந்ததைக் கரண்டியால் சுரண்டி என் ஆப்பத்தின் நடுவில் வைத்தார். "ஊத்த வராது தம்பி, சூட்டுல அதுவா கரையும்" என்றார். கரைந்தது.