சென்சார் பனியன்: துடிப்புக்கு வேண்டாம், மூச்சுக்கு வாங்கலாம்

சென்சார் பனியன் என்பது இதயத் துடிப்பையும் மூச்சையும் அளக்கும் சென்சார்கள் துணியிலேயே பொதிந்த சட்டை. துடிப்பு மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு இது தேவையில்லை. மார்பில் கட்டிக்கொள்ளும் துடிப்புமானியான நெஞ்சுப்பட்டையே அந்த வேலையை நன்றாகச் செய்யும், துவைப்பதும் சுலபம். ஓடும்போது மூச்சு எப்படி மாறுகிறது என்று பார்க்க விரும்புகிறவர்களுக்குத்தான் இது.

ஹெக்ஸோஸ்கின் என்ற பிராண்டு மாதிரியான சட்டைகளில் மார்பைச் சுற்றி ஒன்று, வயிற்றைச் சுற்றி ஒன்று என இரண்டு மூச்சுப் பட்டைகள் துணிக்குள்ளேயே இருக்கின்றன. பட்டைக்குள் வளைந்து வளைந்து போகிறது ஒரு மெல்லிய கம்பி. மூச்சை இழுத்தால் அது சூழ்ந்திருக்கும் பரப்பு கூடும், அதனால் கம்பியின் மின்தூண்டல் என்ற மின்பண்பு மாறும். அந்த மாற்றம்தான் திரையில் கோடாக ஓடுகிறது. மணிக்கட்டுக் கடிகாரம் மூச்சை ஊகிக்கிறது, இது உடம்பின் அசைவையே அளக்கிறது. நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பதை நம்பலாம். எத்தனை லிட்டர் காற்று என்பதை அப்படியே நம்பக் கூடாது. ஆளுக்கு ஆள் அளவுதிருத்தம் செய்யாதவரை அது மதிப்பீடுதான்: ஒரே வீரரின் போன வாரத்தையும் இந்த வாரத்தையும் ஒப்பிட உதவும், இரண்டு வீரர்களை ஒப்பிட உதவாது. பேசினாலும் தண்ணீர் குடித்தாலும் கோடு குழம்பும்.

தோலைத் தொட்டுத் துடிப்பின் மின்குறிகளைப் பதியும் மின்முனைகள் வெள்ளி பூசிய நைலான் நூலால் பின்னியவை. மருத்துவமனையில் ஒட்டும் மின்முனைக்கு ஜெல் உண்டு. இங்கே வியர்வைதான் ஜெல். அதனால் காய்ந்த தோலில் முதல் 5–10 நிமிட எண்களைத் தூக்கிப் போடலாம். சட்டையைப் போடும் முன்பே ஒவ்வொரு மின்முனையையும் தண்ணீரில் நனையுங்கள். குளிரிலோ ஏசி அறையிலோ வியர்வை போதாது, அங்கே மின்முனை ஜெல் ஒரு துளி தடவுவதே சரி. தோலில் எண்ணெயோ கிரீமோ இருக்கக் கூடாது.

தொடக்கத்திலேயே துடிப்பு 200-ஐத் தாண்டிக் குதித்தால், மேலே போட்ட பாலியஸ்டர் ஜாக்கெட் உரசி எழும் நிலைமின்சாரத்தைச் சந்தேகியுங்கள். கையைத் தூக்கும்போதெல்லாம் கோடு அலைந்தால் சட்டை பெரிது. இரண்டு அளவுக்கு நடுவே இருந்தால் சின்னதையே எடுங்கள். எடுத்ததும் ஈசிஜி கோட்டைத் திரையில் வைத்துக்கொண்டு 10 முறை குதித்துப் பாருங்கள். சராசரித் துடிப்பு எண்ணை மட்டும் பார்த்தால் கோளாறு தெரியவே தெரியாது. அடுத்தடுத்த துடிப்புகளுக்கு நடுவே உள்ள நேரம் எவ்வளவு மாறுகிறது என்பதை (HRV) வைத்துப் பயிற்சியைத் திட்டமிடுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். தவறவிட்ட ஒரே ஒரு துடிப்பு இரட்டை இடைவெளியாகப் பதிவாகி, அந்தக் கணக்கையே கெடுத்துவிடும். இதயக் கோளாறைக் கண்டறிய இந்தக் கோட்டைப் பயன்படுத்தக் கூடாது, அதற்கு மருத்துவரின் 12 லீட் ஈசிஜி இருக்கிறது.

பராமரிப்பில்தான் பெரும்பாலான சட்டைகள் வீணாகின்றன. சட்டையில் மாட்டும் பதிவுக் கருவியைக் கழற்றிவிட்டு, குளிர்ந்த நீரில் மென்மையான சோப்புப் போட்டு, வலைப்பைக்குள் வைத்துத் துவையுங்கள். துணி மென்மையாக்கி மின்முனைமேல் படலமாகப் படிந்து மின்தொடர்பைக் கெடுக்கும். பிளீச் வெள்ளியை அரிக்கும். டிரையரும் இஸ்திரியும் மீள்நூலைத் தளர்த்திவிடும். பிரஸ் பட்டன்களை ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் துடையுங்கள். வியர்வை உப்பு தங்கினால் பச்சை பிடிக்கும்.

இழுபட இழுபட வெள்ளிப் பூச்சு விரிசல் விடும், அது கண்ணுக்குத் தெரியாது. வாங்கிய அன்றே மின்முனைக்கும் அதன் பிரஸ் பட்டனுக்கும் நடுவே உள்ள மின்தடையை மல்டிமீட்டரில் அளந்து எழுதி வையுங்கள். துவைத்துக் காய்ந்த பிறகும் அந்த எண் பல மடங்காகிவிட்டால், கருவியைக் குறை சொல்லாமல் சட்டையை மாற்றுங்கள்.