தமிழில் சட்டை, பை அச்சடிக்கக் கொடுப்பவர்களே, கொஞ்சம் பொறுங்கள்

வணக்கம். மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள பெஸ்தாரி ஜெயாவிலிருந்து எழுதுகிறேன். 2007இல் பெயர் மாறியும் எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்.

ரப்பர் போய் செம்பனை வந்து, தொழிலாளர் வரிசை வீடுகளான லயமும் இடிபட்டு, ஆளுக்கொரு திசையாகப் போன எங்கள் தோட்டத்து மக்கள் கடந்த மார்ச்சில் கோயில் மண்டபத்தில் ஒன்றுகூடினோம். ஆளுக்கொரு காட்டன் டி-சட்டை, ஒரு துணிப்பை. இரண்டிலும் தோட்டத்தின் பெயரும் தமிழ்ப்பள்ளியின் பெயரும் தமிழில் இருக்க வேண்டும். 160 சட்டை, தலா 22 ரிங்கிட். 160 பை, தலா 6 ரிங்கிட். மொத்தம் 4,480. முழுப்பணமும் முன்கூட்டியே கட்டினால் 5 விழுக்காடு கழிவு என்றார் கடைக்காரர். 224 ரிங்கிட் மிச்சமாகிறதே, சாப்பாட்டுச் செலவுக்கு ஆகும் என்று 4,256ஐயும் நானே கட்டிவிட்டேன். பணம் கைமாறிய பிறகு நம் பேச்சுக்கு அங்கே மதிப்பில்லை.

ஜனவரி தொடக்கத்தில் ஆர்டர். “14 நாள்ல ரெடி அண்ணே” என்றார். பில்லில் இருந்ததோ “டிசைன் உறுதியான பின் 14 வேலை நாள்”. டிசைன் அனுப்பவே மூன்று வாரம் இழுத்தார்கள். பிறகு தைப்பூசம், சீனப் பெருநாள். தொழிற்சாலை ஆட்கள் ஊருக்குப் போய்விட்டார்கள் என்றார்கள். பெட்டிகள் வந்து இறங்கியது நிகழ்ச்சிக்கு முந்தைய இரவு, பத்து மணிக்கு.

பிரித்ததும் நெஞ்சு அடைத்துவிட்டது. கொம்புகள் எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கின்றன. புள்ளிகள் தனியே, புள்ளி வட்டத்தின் மேல் மிதக்கின்றன. புலனத்தில் (வாட்ஸ்அப்) எனக்குக் காட்டிய படத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அது வெறும் படம். அச்சுக்குப் போகும்போது தமிழ் தெரியாத ஒருவர் அந்த வரிகளை வேறொரு கணினியில் ஒட்டியிருக்கிறார். இல்லஸ்ட்ரேட்டர் போன்ற மென்பொருளில் தெற்காசிய எழுத்துகளுக்கான கம்போசரை (எழுத்துகளைச் சேர்த்து அடுக்கும் அமைப்பை) தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ் இப்படித்தான் சிதறும். பைகள் சில்க் ஸ்கிரீன் அச்சு. மை இறங்கும் அந்த வலைச் சட்டகத்தில் பிழை விழுந்தால் 160லும் அதே பிழை.

சட்டை காட்டனும் இல்லை. ஒரு நூலை உருவிப் பற்றவைத்தோம். சாம்பலாகாமல் உருகி உருண்டு கெட்டியானது. சூட்டில் துணிக்குள் ஏறும் சப்ளிமேஷன் மை பாலியெஸ்டரில்தான் பிடிக்கும், அது அவர்களுக்குச் சுலபம், அதனால் கேட்காமலே மாற்றிவிட்டார்கள். வெயிலில் பால் வெட்டியே வயதான பாட்டிகளுக்கு அந்தத் துணியை எப்படிக் கொடுப்பது?

பைகளை மட்டும் வேறு வழியில்லாமல் கொடுத்தோம். எங்களுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்த ஆசிரியர் கண்ணாடியைப் போட்டுப் பள்ளியின் பெயரை இரண்டு முறை படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. பையை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி மடியில் வைத்துக்கொண்டார். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

நீங்கள் கொடுக்கும்போது தமிழ் வரிகளை நம்மவர் ஒருவரிடம் தட்டச்சு செய்யச் சொல்லி, அவுட்லைனாக மாற்றிய பிடிஎஃபாகக் கொடுங்கள். எழுத்து அப்போது வெறும் வடிவம். எந்தக் கணினியிலும் உடையாது. ஒரே ஒரு சட்டையை அதே துணியில் அச்சடித்துக் கையில் வாங்கிப் பாருங்கள். அதற்குத் தனிக்காசு கேட்டாலும் கொடுங்கள். துணியின் வகை, ஒப்படைக்கும் தேதி (நாள் கணக்கு இல்லை, தேதி) இரண்டும் பில்லில் இருக்கட்டும். பாதிப் பணத்தைப் பெட்டியைப் பிரித்துப் பார்க்கும்வரை கையில் வைத்திருங்கள்.

கடைக்காரர் “நீங்க ஓகே சொன்னீங்களே” என்கிறார். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கட்டணம் 5 ரிங்கிட்தான், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. சரியான புலனப் படம், பில், உடைந்த எழுத்துள்ள ஒரு பை, மூன்றையும் ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன். விசாரணைத் தேதிக்குக் காத்திருக்கிறேன்.