நாகர்கோவிலுக்கு கிரானூல், மார்த்தாண்டத்துக்கு ஆசிட்: ரயிலா, லாரியா?

குமரி மாவட்டத்தில் மீன்வலை இழை ஓட்டுகிறவருக்கு எச்.டி.பி.ஈ. கிரானூல் (உருக்கி இழையாக்கும் பிளாஸ்டிக் மணி) வேண்டும், ரப்பர் ஷீட் அடிப்பவருக்குப் பாலை உறையவைக்க ஃபார்மிக் ஆசிட் வேண்டும். இரண்டும் பெரும்பாலும் குஜராத் பக்கமிருந்து வருபவைதான். ஆனால் வரவேண்டிய வழி ஒன்றல்ல.

முழு ரேக்கை, அதாவது ஒரு சரக்கு ரயிலையே மொத்தமாக எடுப்பதை, முதலிலேயே தள்ளிவிடலாம். நாகர்கோவில் சந்திப்புக்கு ரேஷன் அரிசி வருவதைப் பார்த்திருப்பீர்கள்: 42 வேகன், சுமார் 2,600 டன். அதையே கிரானூலாக எடுத்தால் 25 கிலோ மூட்டை ஒரு லட்சத்துக்கு மேல். நாளுக்கு 3 டன் ஓட்டும் ஆலைக்கு அது இரண்டு வருடத்துக்கும் மேலான சரக்கு! பலர் கூட்டாக எடுத்தாலும் வேகன் சுத்தம் பெரிய தலைவலி. முந்தைய நடையில் சிமென்ட் ஏற்றிய வேகனென்றால் மூட்டைமேல் தூசி படியும். மூட்டையை வெட்டிக் கொட்டும்போது அது இயந்திரத்தில் மணி கொட்டும் ஹாப்பருக்குள் போகும், சல்லடை அடைக்கும், இழையை இழுக்கும் இடத்தில் அறுந்துகொண்டே இருக்கும். சுமைக்காரர் கொக்கி போட்டால் மூட்டையும் கிழியும்.

உண்மையான போட்டி கன்டெய்னருக்கும் லாரிக்கும்தான். 40 அடிப் பெட்டியில் பேலட்டோடு (மூட்டை அடுக்கும் அடிச்சட்டம்) 990 மூட்டை, அதாவது 24.75 டன் பிடிக்கும். ஆலையில் அடைத்து சீல் வைத்தால் உங்கள் வாசலில்தான் திறக்கும். தூத்துக்குடிவரை தண்டவாளம், பிறகு டிரெய்லர். மாதம் நாலைந்து பெட்டி எடுப்பவருக்கு, அவசரமில்லையென்றால், இதுதான் சரி. ஒரே ஒரு பெட்டி எடுப்பவர் ரயில் நிறையும்வரை காத்திருக்கவேண்டி வரும். அவருக்கு 12 சக்கர லாரியே மேல். கருங்கல் ஊரைச் சுற்றியுள்ள சாலைகளில் 40 அடி டிரெய்லர் திரும்பாது என்பதையும் கணக்கில் வையுங்கள். அங்கே 20 அடிப் பெட்டி கேளுங்கள், சுமார் 16 டன் வரும்.

லாரிக்கு எதிரி மழை. நமக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. போதாததற்கு ஆரல்வாய்மொழிக் காற்று தார்ப்பாயைக் கிளப்பிவிடும். எச்.டி.பி.ஈ. ஈரத்தை உறிஞ்சாது, ஆனால் மணிமேல் ஒட்டிய தண்ணீர், மணியை உருக்கித் தள்ளும் எக்ஸ்ட்ரூடரில் ஆவியாகி இழையில் குமிழ் விடும். நைலான் 6 என்றால் ஈரத்தை உள்ளேயே இழுத்துக்கொள்ளும். உலர்த்தாமல் ஓட்டினால் இழை பலம் போய்விடும். நைலானுக்கு கன்டெய்னர் தவிர வேறு யோசிக்கவேண்டாம்.

ரயிலில் எடுத்தால் ஒன்றை மறக்காதீர்கள்: ஈ-வே பில் (ஜி.எஸ்.டி. சரக்குப் போக்குவரத்துச் சீட்டு) காட்டாமல் ரயில்வே சரக்கை ஒப்படைக்காது.

ஆசிட்டுக்கு லாரிதான். ரெட் டாரிஃப் எனப்படும் ரயில்வேயின் அபாயச் சரக்கு விதிகளோடு மல்லுக்கட்டி ரயிலில் போடும் அளவுக்கு இங்கே யாரும் வாங்குவதில்லை. 85 சதவீத ஆசிட், 35 கிலோ கேனில் வரும். அது மெல்லச் சிதைந்து வாயு விடுவதால் காற்றுத்துளை மூடி இருக்கவேண்டும். கேனைப் படுக்கப் போட்டால் அந்தத் துளை வழியாகவே ஒழுகும். டிரைவர் லைசென்சில் அபாயச் சரக்கு ஒப்புதல் இருக்கிறதா, கையில் ட்ரெம் கார்டு (விபத்து நேர்ந்தால் செய்யவேண்டியதைச் சொல்லும் அட்டை) இருக்கிறதா, வண்டியில் இந்த ஆசிட்டுக்கான அபாயச் சரக்கு எண் யு.என். 3412 பலகை இருக்கிறதா என்று பார்த்துவிட்டே ஏற்றுங்கள். ரப்பர் பால் கெடாமலிருக்க அம்மோனியாவும் வாங்குகிற கடைக்காரர், வாடகை மிச்சம் என்று இரண்டையும் ஒரே வண்டியில் ஏற்றச் சொல்வார். கசிந்து கலந்தால் சூடேறிக் கொதிக்கும், வாடகை மிச்சத்துக்காக அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.