யூவேர்ஷன் பைபிள் செயலி: வன்னி வீட்டுச் செபத்துக்கு எவ்வளவு உதவும்?

வன்னியில் வீட்டுச் செபத்துக்கும், அயல் வீட்டுக் கத்தோலிக்கர் சேர்ந்து செபிக்கும் அன்பியக் கூட்டத்துக்கும் வருகிறவர்கள் இப்போது தாள் பைபிளோடு போனையும் கொண்டு வருகிறார்கள். அதில் பலர் திறப்பது யூவேர்ஷன் பைபிள் செயலி. இதை 2008 இல் அமெரிக்காவின் ஒக்லஹோமாவிலுள்ள ஒரு திருச்சபை தொடங்கியது. காசு இல்லை, விளம்பரமும் இல்லை. எழுத்தைப் பெரிதாக்கலாம், கண் மங்கியவர்கள் ஒலியாகக் கேட்கலாம். வாசிப்பதற்கு இதைவிட இலகுவான வழி குறைவு. ஆனால் எல்லோரும் அதிகம் பயன்படுத்தும் 'அன்றைய வசனம்' தான் இதன் பலவீனமான பகுதி.

எரேமியா 29:11 அழகான படத்தோடு வரும்: உங்களைப் பற்றிய என் எண்ணங்கள் தீமைக்கல்ல, நல்வாழ்வுக்கே. வாட்ஸ்அப்பில் பகிர்ந்ததும் காரியம் முடிந்துவிடுகிறது. அங்கே நிற்காமல் முழு அதிகாரத்தையும் திறந்து முதலாம் வசனத்திலிருந்து வாசியுங்கள். பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட மக்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா அனுப்பிய கடிதம் அது. வீடு கட்டுங்கள், தோட்டம் வைத்து அதன் பலனைச் சாப்பிடுங்கள் என்கிறது 5 ஆம் வசனம். இருக்கிற நகரத்தின் நன்மையைத் தேடி அதற்காக மன்றாடுங்கள் என்கிறது 7. காத்திருப்பு எழுபது ஆண்டு என்று 10 சொன்ன பிறகுதான் 11 வருகிறது. 2009 இல் போர் முடிந்த பிறகு தறப்பாள் கொட்டிலில் இருந்து வாழ்க்கையைத் தொடங்கிய ஊர்களுக்கு 5 உம் 7 உம் நேரே பேசும். அந்த வாரம் செய்யவேண்டியதும் அங்கேதான் இருக்கிறது: வளவில் நாலு முருங்கைத் தடி ஊன்றலாம், கதை பேச்சில்லாத பக்கத்து வீட்டுக்குப் போகலாம், ஊர்ச் சங்கக் கூட்டத்தில் முன்னுக்கு இருக்கலாம்.

சாதாரண தரப் பரீட்சைக் காலத்தில் சுற்றும் பிலிப்பியர் 4:13 உம் அப்படித்தான்: என்னைப் பலப்படுத்துகிறவரால் எல்லாம் செய்ய எனக்குப் பலம் உண்டு. அதற்கு முந்திய வசனம் பசியிலும் நிறைவிலும் வாழக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறது. பவுல் அதை எழுதியது சிறையிலிருந்து. பிள்ளைக்கு இரண்டையும் சேர்த்து வாசித்துக் காட்டுங்கள்.

செயலியின் உண்மையான பலம் தேடல் பெட்டி. வீட்டில் அந்த வாரம் என்ன சிக்கலோ அதைத் தேடுங்கள். கச்சான் பிடுங்கவும் களை எடுக்கவும் ஆள் பிடிக்கும் காலத்தில் 'கூலி' என்று போட்டால் லேவியர் 19:13, உபாகமம் 24:15, யாக்கோபு 5:4 மூன்றையும் தேடிப் பிடிக்கலாம். வேலை செய்தவரின் கூலி பொழுதுபடுமுன் அவர் கைக்குப் போகவேண்டும் என்பது உபாகமத்தின் கட்டளை. 'நெல்லு வித்துத்தான் தருவன்' என்று சொல்லும் வீட்டுக்கு இது சங்கடமான வசனம். வீட்டுச் செபத்தில் அவசியம் வாசிக்கவேண்டியதும் இதுதான். வேலிச் சண்டைக்கு உபாகமம் 19:14, கடனுக்கும் அடைமானத்துக்கும் யாத்திராகமம் 22:25 முதல் 27 வரை. மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்ப்பு சொல் வேறுபடுவதால் கூலி, கூலியாள், வேலையாள் என்று மாற்றி மாற்றித் தேடவேண்டும்.

கத்தோலிக்கர் கவனிக்க: தெரிவுசெய்யும் மொழிபெயர்ப்பில் இணைத் திருமுறை நூல்கள் (கத்தோலிக்க பைபிளில் இருந்து, பெரும்பாலான புரட்டஸ்தாந்து பைபிள்களில் இல்லாத நூல்கள்) இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால், கூலியை அன்றே கொடு என்று தந்தை மகனுக்குச் சொல்லும் தோபித்து 4:14 கிடைக்காது.

ஒரு வருட வாசிப்புத் திட்டத்தைப் பரிந்துரைக்க மாட்டேன். ஜனவரியில் உற்சாகமாகத் தொடங்குவார்கள், காலபோக நெல் வெட்டும் அப்போதுதான் வரும். நாலு நாள் தவறினால் பாக்கி குவியும், மனம் சோர்ந்து விட்டுவிடுவார்கள். மூன்று அல்லது ஐந்து நாள் திட்டம் போதும். தவறிய நாட்களைத் தள்ளி இன்றிலிருந்து தொடர்வதற்குத் திட்ட அமைப்பில் வசதி உண்டு. குற்ற உணர்வில்லாமல் அதை அழுத்துங்கள். நினைவூட்டல் நேரத்தையும் வயலுக்கு ஓடும் காலையிலிருந்து மாலைக்கு மாற்றிவிடுங்கள்.

காட்டோரக் கிராமங்களில் சிக்னல் விட்டுவிட்டு வரும். நல்ல கவரேஜ் உள்ள இடத்தில் மொழிபெயர்ப்பைத் தரவிறக்கி வையுங்கள். எல்லாப் பதிப்புக்கும் வெளியீட்டாளர் அந்த அனுமதி கொடுப்பதில்லை, பட்டியலில் தரவிறக்கக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஒலி வடிவத்துக்குப் பெரும்பாலும் டேட்டா வேண்டும். எழுதும் குறிப்புகள் கணக்கோடு சேர்ந்தவை. போன் மாறும்போது கைவிட்டுப் போகாமல் இருக்க, மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் தாள் பைபிளின் பின்னட்டை உட்பக்கத்தில் எழுதிவைத்து, அந்தப் பைபிளை வீட்டிலேயே வையுங்கள்.