தானமாக வந்த பேட்டரி நாற்காலி: சில வருடம் ஓட்டிய அனுபவம்

திருநெல்வேலி டவுனில் பிளவுஸ் தைத்துப் பிழைக்கிறேன். சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு காலும் சூம்பிப்போனவை. கொரோனா ஊரடங்கு தளர்ந்த சமயம், தெரிந்த குடும்பத்தில் ஒரு தாத்தா காலமானார். அவருக்காகச் சிங்கப்பூரிலிருந்து வாங்கி அனுப்பிய பேட்டரி சக்கர நாற்காலியை அவர் மகன்கள் எனக்குக் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து தினமும் ஓட்டுகிறேன். இப்படி ஒரு வண்டி கைக்கு வரப்போகிறவர்களுக்கும், கொடுக்க நினைப்பவர்களுக்கும் இது உதவலாம்.

முதலில் கிடைத்த லாபத்தைச் சொல்லிவிடுகிறேன். லைனிங் துணி வாங்க முன்பெல்லாம் அண்ணன் மகனிடம் துண்டுத் துணியைக் கொடுத்து அனுப்புவேன். மெரூன் கேட்டால் அரக்கு வரும். திருப்பி அனுப்பினால் அவன் முகம் சுருங்கும், அதனால் பாதி நாள் வந்ததை வைத்தே தைத்துவிடுவேன். இப்போது நானே போகிறேன். கடைத் தம்பி, "யக்கா, நீங்க அங்கயே இருங்க, நான் எடுத்துட்டு வாரேன்" என்று நாலைந்து பீஸைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவான். வெயிலில் பிடித்துப் பார்த்து எடுக்கிறேன். டியூப் லைட்டில் பார்த்து வாங்குகிறவர்களைவிட எனக்கு நிறம் சரியாகவே அமைகிறது! கஸ்டமரிடம் இப்போது திட்டு இல்லை.

நெல்லையப்பர் தேர் ஓடுகிற வீதி என்பதால் ரத வீதிகள் நல்ல அகலம். பைக்கையும் தள்ளுவண்டியையும் தாண்டினால் ஓட்டுவது சுகம். சந்திப் பிள்ளையார் முக்குத் திருப்பம் மட்டும் மாலையில் வேண்டாம். பஸ் ஏறுவது பற்றிப் பேசவே வேண்டாம்.

சரி, பேட்டரிக்கு வருவோம். இந்த வண்டியின் உயிர் அதில்தான் இருக்கிறது. சீட்டுக்கு அடியில் 12 வோல்ட் பேட்டரி இரண்டு, தொடராக இணைத்து 24 வோல்ட். வந்த புதிதில் நாலு ரத வீதியும் சுற்றி வந்தாலும் சார்ஜ் காட்டும் விளக்கு பச்சையிலேயே நிற்கும். போகப் போக வாகையடி முக்கு தாண்டும்போதே மஞ்சளுக்கு இறங்கியது. கார் பேட்டரி போட்டால் மலிவு என்று ஒரு கடையில் சொன்னார்கள். போடாதீர்கள். கார் பேட்டரி இன்ஜினைக் கிளப்ப ஒரு நொடி பலமாகக் கொடுப்பதற்கென்று செய்தது. நாற்காலிக்கு மணிக்கணக்கில் நிதானமாகக் கொடுக்கிற டீப் சைக்கிள் வகை வேண்டும். ஒரு ஜோடி பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது, தையல் காசில் சேர்த்து வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் ராத்திரி சார்ஜ் போட்டுவிட வேண்டும். சார்ஜ் இறங்கிய நிலையில் கிடந்தால் இந்த மாதிரி லெட் ஆசிட் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும். சிங்கப்பூர் சார்ஜருக்கு ஒரு அடாப்டர் போதுமானதாக இருந்தது. அமெரிக்காவிலிருந்து வரும் வண்டி என்றால் சார்ஜர் 230 வோல்ட்டைத் தாங்குமா என்று பின்பக்கம் படித்துவிட்டுச் சொருகுங்கள். வண்டியைத் திருப்பி ஓட்டுகிற குச்சி, அதாவது ஜாய்ஸ்டிக்கின் ரப்பர் உறை வெடித்துவிட்டது, அந்த ரப்பர் மட்டும் எங்கும் கிடைக்கவில்லை. மழைக்கு ஜவுளிக்கடைப் பையைக் கட்டிக்கொள்கிறேன்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எங்கள் நடை வரை வந்தது. பேட்டரிகளைத் தனியாகக் கழற்றிய பிறகுதான் வண்டியைக் கட்டிலில் ஏற்ற முடிந்தது. கரண்ட் இல்லாத நாட்களில் மோட்டார் பக்கத்து லீவரைத் தூக்கிவிட்டு (அப்போதுதான் சக்கரம் மோட்டாரிலிருந்து விடுபட்டுச் சும்மா உருளும்) ஆள் வைத்துத் தள்ளினோம். அந்த லீவர் எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லாருக்கும் காட்டி வையுங்கள்.

வீட்டிலும் வேலை இருந்தது. கொத்தனார் அரையடி நடைக்கு இரண்டடி நீளத்தில் சரிவு போட்டுக் கொடுத்தார். ஏறினால் முன்சக்கரம் தூக்குகிறது. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி சரிவு என்பதுதான் கணக்கு. இடித்து ஆறடிக்குப் போட்டோம், பக்கத்து வீட்டு அத்தை தன் வாசலில் கொஞ்சம் விட்டுக்கொடுத்ததால் முடிந்தது. பின்கட்டுக் கதவுக்குள் மட்டும் வண்டி இன்றைக்கும் நுழையாது. தாத்தா பெரிய உடம்புக்காரர், அவர் அளவுக்கு வாங்கியது. நான் ஒரு பக்கமாகச் சாய்ந்து, இடுப்பு வலி வந்த பிறகு இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்துச் சரிசெய்தேன்.

எனக்கு உணர்ச்சி இருக்கிறது, வலித்தால் நகர்ந்துகொள்வேன். பனையேறி விழுந்து தண்டுவடம் அடிபட்டவர்கள் நம் பக்கத்தில் எத்தனை பேர். அவர்களுக்கு வலி தெரியாது, படுக்கைப் புண் வந்த பிறகே தெரியும். ஒரு முகாமில் மாலை, மைக், போட்டோ என்று எல்லாருக்கும் ஒரே அளவு நாற்காலியை வரிசையாகக் கொடுத்தார்கள். மெத்தை கிடையாது, அளவெடுக்கவும் யாரும் இல்லை. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கம் இருக்கிறது. 1975ல் கடற்படை அதிகாரித் தேர்வில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981ல் தொடங்கியது. இப்படிப்பட்ட இடத்தில் விசாரித்துவிட்டு வண்டியைக் கொடுக்கலாமே.

போன மாதம் ஒரு வெளிநாட்டுச் சொந்தக்காரர், புது நாற்காலியே வாங்கித் தரட்டுமா என்று கேட்டார். ஒரு ஜோடி பேட்டரியும் பின்சக்கர டயரும் போதும் அண்ணாச்சி என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றிருக்கிறார். டயர் வந்துவிட்டது, பேட்டரிக்குக் காத்திருக்கிறேன்.