கச்சத்தீவா, காவிரித் தண்ணீரா?

ராமேஸ்வரம் நகராட்சியில் கவுன்சிலருக்கு நிற்பவர்கள் பேச்சு பெரும்பாலும் இரண்டே ரகம்.

ஒருவர் கச்சத்தீவு, பிடிபட்ட படகு, சிறையில் இருக்கும் மீனவர் என்கிறார். கைதட்டல் அவருக்குத்தான். ஆனால் கச்சத்தீவை இலங்கைக்குக் கொடுத்த 1974 ஒப்பந்தம் டெல்லி விஷயம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்கான நிவாரணம்கூட மீன்வளத்துறை கொடுப்பது. வார்டு கவுன்சிலர் மனு எழுதலாம், அவ்வளவுதான்.

இன்னொருவர் காவிரித் தண்ணீர், சாக்கடை, குப்பை என்கிறார். கேட்கச் சப்பென்று இருக்கும். சரி, குழாய் வராத நாளில் பிளாஸ்டிக் குடங்களை வரிசையில் போட்டுவிட்டு லாரிக்குக் காத்து நிற்கும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். கிணற்றுத் தண்ணீரோ உப்புக் கரிக்கிறது. குழாயும் தெருவிளக்கும் நகராட்சி வேலை. செய்யாவிட்டால் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம்.

என் ஓட்டு இவருக்கு. முதலாமவர் படகுத்துறைக்குப் போகும் பாதையில் விளக்குப் போடுகிறேன் என்றாவது சொல்லியிருந்தால் யோசித்திருப்பேன்.