கிளிமஞ்சாரோ: மராங்குவா, மச்சாமேயா?

நண்பர்கள் நாலு பேர் கிளிமஞ்சாரோ போவது என்று முடிவானதும் முதல் தகராறு வழியைப் பற்றித்தான் வந்தது. 5,895 மீட்டர் உயரம், ஆப்பிரிக்காவின் உச்சி. கிபோ என்ற உறங்கும் எரிமலையின் வாய் விளிம்பில் இருக்கிறது அந்த உச்சி. கயிறு, பனிக்கோடாலி எதுவும் இல்லாமல் நடந்தே போய்விடலாம். அதனாலேயே பலரும் அதை லேசாக நினைத்துவிடுகிறார்கள். எங்களில் ஒருவன் ஏற்கெனவே மராங்கு வழியில் ஐந்து நாள் திட்டத்தில் போய், கிபோ குடிலில் வாந்தி எடுத்துத் திரும்பி வந்தவன். அவன் பட்டதையும், பிறகு நாங்கள் மச்சாமே வழியில் ஏழு நாள் நடந்ததையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

மராங்குவுக்கு ‘கோகோ கோலா வழி’ என்று பட்டப்பெயர், மச்சாமேவுக்கு ‘விஸ்கி வழி’. முன்னது சுலபம், பின்னது காட்டம் என்று அர்த்தமாம். பெயரை நம்பி ஏமாறாதீர்கள்.

மராங்குவில் படுக்கக் குடில் உண்டு. கூரை தரை வரை சரிந்த முக்கோண மர வீடுகள், உள்ளே மெத்தை. மழைக்காலத்தில், அதாவது மார்ச் முதல் மே வரையிலும் நவம்பரிலும், இது பெரிய வரம். மச்சாமேவில் ஏழு நாளும் கூடாரம்தான். நனைந்த காலுறை மறுநாளும் காயாது. குளிருக்குப் பயந்தவர்களும், கூடாரத்தில் தூக்கமே வராதவர்களும் மராங்கு போவதில் தப்பே இல்லை. என்ன, பக்கத்துப் படுக்கைக்காரரின் குறட்டையும் சேர்ந்தே கிடைக்கும்.

ஆனால் மலையில் ஆளைக் கவிழ்ப்பது படுக்கை இல்லை, உயரம். உச்சியில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான். 3,000 மீட்டருக்கு மேல் போனால், தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதே என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் பொதுவான கணக்கு. ஐந்து நாள் மராங்குவைப் பாருங்கள்: மண்டாரா 2,720, ஹொரொம்போ 3,720, கிபோ குடில் 4,720. தினமும் ஆயிரம் ஆயிரமாகத் தாவிவிட்டு, மூன்றாம் நாள் நள்ளிரவே உச்சிக்குக் கிளப்பிவிடுவார்கள். உடம்பு பழக எங்கே நேரம்? ஹொரொம்போவில் கூடுதலாக ஒரு நாள் தங்கி, வரிக்குதிரைப் பாறை வரை ஏறி இறங்கும் ஆறு நாள் திட்டம் எவ்வளவோ மேல்.

மச்சாமேவின் தந்திரம் மூன்றாம் நாளில் இருக்கிறது. ஷிரா முகாமிலிருந்து கிளம்பி 4,600 மீட்டரில் உள்ள லாவா டவர் என்ற பாறை வரை ஏற்றுவார்கள். அங்கே சாப்பாடு தொண்டையில் இறங்காது. அப்புறம் மதியமே பர்ராங்கோ முகாமுக்கு, சுமார் 3,900 மீட்டருக்கு, இறக்கிவிடுவார்கள். ராட்சத செனேசியோ செடிகளுக்கு நடுவில் கூடாரத்தில் விழுந்ததும் தலைவலி மெல்ல விலகியது. மேலே ஏறு, கீழே தூங்கு என்பது இதுதான். மறுநாள் காலை பர்ராங்கோ சுவர். கையையும் ஊன்றி ஏற வேண்டும். ஒரு இடத்தில் பாறையை நெஞ்சோடு அணைத்தபடி நகர வேண்டியிருந்தது. பின்னால் சுமைதூக்கி ஒருவர் தலையில் மூட்டையோடு சர்வசாதாரணமாக வந்து நின்றார். வெட்கமாகிப் போயிற்று.

உச்சிக்குப் போகும் இரவு இரண்டிலும் ஒரே பாடுதான். நள்ளிரவில் புறப்பாடு, 1,200 மீட்டர் போல ஏற்றம், ‘போலே போலே’ (மெதுவா, மெதுவா) என்று கைடு ஓயாமல் சொல்வார். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். மேலிருந்துதான் உறையும், மூடி அடைத்துக்கொள்ளாது. மராங்குவில் எரிமலைச் சரளை, ஓரடி வைத்தால் அரையடி சறுக்கும். எரிமலை விளிம்பைத் தொடும் கில்மன் முனை 5,685 மீட்டர். அங்கேயே உட்கார்ந்துவிடத் தோன்றுமாம், ஆனால் உச்சி இன்னும் ஒன்றரை மணி நேர நடை. மச்சாமேக்காரர்கள் ஏறிவரும் ஸ்டெல்லா முனை 5,756. அங்கிருந்து மிச்சம் குறைவு.

இறக்கத்தில் மராங்குதான் முழங்காலுக்கு நல்லது. மச்சாமேக்காரர்கள் உச்சியிலிருந்து அன்றே 3,100 மீட்டரில் உள்ள ம்வெகா முகாம் வரை இறங்கியாக வேண்டும். என் முட்டி இன்னும் அதை மறக்கவில்லை.

பணம்? பூங்காக் கட்டணம் நாள் கணக்கு. நாள் கூடினால் செலவு கூடும். நண்பர்கள் கூட்டத்தில் யாராவது ஒருவர் “ஐந்து நாள் போதும்டா” என்பது அதனால்தான். நான் அதற்கு ஒத்துக்கொள்ளவே மாட்டேன். கையில் ஆறு நாள்தான் என்றால் மராங்கு, ஏழு நாள் கிடைத்தால் மச்சாமே.

இன்னொன்று. நண்பர்களுக்குள் தலைவலியை மறைப்பார்கள். ஒருவன் கராங்கா முகாமில் “ஒண்ணுமில்லடா” என்றான், ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்க கைடு அவன் விரலில் மாட்டிய கருவி வேறு சொன்னது. முன்பதிவின்போதே உதவிக் கைடுகள் எத்தனை பேர் என்று கேட்டு வைத்திருந்தோம். உச்சிக்கு முந்தைய கடைசி முகாமான பராஃபுவிலிருந்து அவன் ஒரு உதவிக் கைடோடு கீழே போனான், மூன்று பேர் மேலே போனோம். மறுநாள் ம்வெகா வாசலில் எங்களுக்கு முன்னே வந்து, கையில் வாழைப்பழத்தோடு உட்கார்ந்திருந்தான்.